பசை காயும் வரை

அத்தியாயம் 11

கோட்டக்குப்பத்து வீட்டுக்குச் சாவி மூன்று. ஒன்று ஆசியா பீவியிடம், ஒன்று மகள் ஸாலிஹாவிடம், மூன்றாவது ஆசியாவின் அண்ணன் யூசுப் அலியிடம். ஆசியாவின் வீட்டுக்காரர் ஜகபர் சாதிக் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அவருக்கென்று ஒரு சாவி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் அந்நிய மண்ணில் கால்பந்து மைதானங்களுக்குச் செயற்கைப் புல் விரித்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்தபோதெல்லாம் வீடே அவரை விழுந்து விழுந்து கவனித்தது. ஒரேயடியாக வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த வீட்டுக்கு விருந்தாளியைக் கவனிக்கத் தெரியும். வீட்டு ஆளாக அவரை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் சமையலறையில் அவர் ஆசையாக இடம் மாற்றிவைத்த மிக்ஸி, மறுநாள் காலையில் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போயிருந்தது. அதைப் பற்றி ஆசியாவும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அன்று சனிக்கிழமை. ஆறு மணிக்கெல்லாம் ஜகபர் வண்டியில் சாமான் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆசியா டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னைக்கு எங்க?"

"திண்டிவனம். மரக்காணம் ரோட்டுல கலைப்பிரியான்னு ஒரு அம்மா டர்ஃப் கிரவுண்டு நடத்துறாங்க. ஜாயிண்ட் பிரிஞ்சிக்கினு வந்திருக்கு. நாளைக்கு மேட்ச்."

"திரும்பி வர எந்நேரம் ஆவும்?"

"ஆறு, ஏழு ஆயிடும்."

"சரி. அவசரப்படாம பொறுமையா முடிச்சிட்டே வாங்க."

ஜகபர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்டது இந்த மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. கிளியனூர் தாண்டும் வரை அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனார். காலைக் காற்று முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. அவருக்கு அது கூடச் சுகமாகத்தான் இருந்தது.

*

கலைப்பிரியாவின் டர்ஃப், அவள் அப்பா மல்லாட்டைப் பயிர் போட்ட நிலத்தில் இருந்தது. முப்பது வயதுக்காரி. பேச்சில் எப்போதும் ஒரு வேகம். அன்று அந்த வேகத்தோடு பயமும் சேர்ந்திருந்தது.

"பாருங்க பாய். போன ஞாயித்துக்கிழமை இந்த எடத்துலதான் அந்தப் புள்ள விழுந்துச்சு. பூட்ஸ் முனை உள்ள மாட்டிக்கிச்சு. கை மணிக்கட்டு ஒடைஞ்சிடுச்சு. ஒம்போதாவது படிக்கிற புள்ள."

கோல் கம்பத்துக்கு முன்னால், இரண்டு புல் விரிப்புகள் சேரும் கோடு இருபத்து நாலு அடி நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. ஜகபர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் டேப் ஊறிப்போன பப்பாளித் தோல் மாதிரி கையோடு வந்தது. பழைய பசையில் ஊசி குத்தியது போல ஆயிரம் ஓட்டைகள்.

"யாரு ஒட்டுனது?"

"விரிச்ச கம்பெனி ஆளுங்கதான். ரெண்டு வருஷம் முன்னாடி. ஐப்பசி மாசம்."

"மழை விட்டதும் மேல காஞ்சிருக்குன்னு ஒட்டியிருக்காங்க. அடியில ஈரம் இருந்திருக்கு. ஈரம் பட்டா இந்தப் பசை நுரைச்சிடும். பார்க்கப் பிடிச்ச மாதிரியே இருக்கும். பிடிக்காது."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எட்டு ஸ்கூலு பொண்ணுங்க டீம் வருது பாய். ஆணி வெச்சு அடிச்சிட முடியாதா?"

"ஆணி மேல ஒரு புள்ள விழுந்தா?"

கலைப்பிரியா பிளந்து கிடந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "இன்னொரு புள்ள விழுந்தா நான் கேட்டை இழுத்துப் பூட்டிடுவேன் பாய். அடிபட்ட புள்ளயோட அம்மா என்னைத் திட்டக்கூட இல்ல. ஆஸ்பத்திரியில சும்மா பார்த்துக்கினே இருந்தாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் ஒட்ட. மைதானத்து வாட்ச்மேன் பச்சைமுத்து தானாக வந்து எதிரில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். கேட்டால் மட்டும் பேசும் மனிதர்.

விளிம்புகளை இரண்டு பக்கமும் மடக்கி, மணல் மூட்டை வைத்தார்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்தார்கள். புல்லின் அடித்துணியில் தண்ணீர் இறங்குவதற்காக விட்டிருந்த ஓட்டைகளைச் சேறு அடைத்திருந்தது. ஜகபர் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்தார். வலை நிழல் விழும் ஓரத்தில் பச்சையாகப் பாசி படிந்து வழுக்கியது. அதை விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பிறகு தரையைக் காய வைக்கும் வேலை. காற்றடிக்கும் பிளோயரைப் பிடித்துக்கொண்டு இருபத்து நாலு அடியும் முன்னும் பின்னும் நடந்தார். கத்தாரில் இந்தப் பாடு கிடையாது. அங்கே பகலில் பசையை டின்னிலிருந்து ஊற்றுவதற்குள் இறுகிவிடும். ராத்திரியில்தான் வேலை நடக்கும். இங்கே கடல் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் ஈரம் மட்டும் தினமும் கிளம்பி வந்துவிடுகிறது. ஒரு பழைய செய்தித்தாளைத் தரையில் அழுத்திவைத்து எடுத்துப் பார்ப்பார். காகிதம் நமுத்திருந்தால் மறுபடியும் பிளோயர்.

"அங்க எத்தினி பேர் சேர்ந்து செய்வீங்க?" பச்சைமுத்து கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"பதினாலு பேரு. ஒரே ரூம்ல இருப்போம். ஒருத்தன் இருமுனா எல்லாரும் முழிச்சிக்குவோம்."

சொல்லிவிட்டு ஜகபர் மறுபடியும் பிளோயரை எடுத்தார். இப்போது ராத்திரியில் அவர் இருமினால் பக்கத்து அறையில் யாரும் அசைவதில்லை.

மதியம் இரண்டே காலுக்குத்தான் காகிதம் காய்ந்தபடி வந்தது. புது டேப்பை நேராக விரித்தார். இரண்டு டின் பசையைக் கலந்து, பல்லுள்ள கொத்தனார் கரண்டியால் சீராக இழுத்தார். பச்சைமுத்து விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, ஒவ்வோர் அடியாக இறக்கினார். புல்லிழை ஒன்றுகூட நடுவில் மாட்டக் கூடாது. விரலால் நீவி நீவி விலக்கினார். பாதி தூரம் வந்திருப்பார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது.

ஸாலிஹா. பகலில் அவள் கூப்பிடுவதே இல்லை. பசை படாத இரண்டு விரலால் போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"அத்தா, நீங்க கண்டிப்பா வரமாட்டீங்களா?"

"எங்க வரணும்மா?"

அந்தப் பக்கம் ஸாலிஹா குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா உங்ககிட்ட சொல்லலியா?"

"இன்னா சொல்லணும்?"

"என்னைப் பொண்ணு பார்க்க விழுப்புரத்துலேர்ந்து வர்றாங்கத்தா. சாயந்திரம் அசர் தொழுகைக்கு அப்புறம். உங்களுக்கு வேலை இருக்குதாம், வரமுடியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு மாமா சொன்னாரு."

ஜகபரின் கை அப்படியே நின்றது. திரும்பி வர எந்நேரம் ஆவும்? பொறுமையா முடிச்சிட்டே வாங்க. காலையில் கிளியனூர் வரை கூட வந்த அந்தக் கேள்விக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது.

"அத்தா? லைன்ல இருக்கீங்களா? எனக்கு உங்ககிட்ட ஒன்னு பேசணும்."

"வர்றேம்மா" என்றார். "வந்துடறேன்."

கலைப்பிரியா கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. ஆனாலும் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"வீட்டுல எதுனா பேஜாரா பாய்?"

"பொண்ணு பார்க்க வர்றாங்களாம்."

"ஐயோ, அப்ப கிளம்புங்க பாய்! ஜல்தி போங்க. நான் அந்த டீச்சருங்களுக்குப் போன் பண்ணி நாளைக்கு மேட்ச் இல்லன்னு சொல்லிடறேன். பொண்ணு விஷயத்தை விடவா இது பெருசு?"

மனதாரத்தான் சொன்னாள். மணி இரண்டு ஐம்பது. இப்போதே கிளம்பினால் நாலு மணிக்கு வீட்டில் இருக்கலாம். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, வருகிறவர்களை வாசலில் நின்று வாங்க என்று சொல்லலாம்.

ஜகபர் குனிந்து பார்த்தார். இன்னும் பன்னிரண்டு அடிக்குப் பசை திறந்து கிடந்தது. ஒட்டி, உருளை போட்டு, மூட்டை ஏற்ற வேண்டும். பசை பிடிக்கும் வரை ஒன்றரை மணி நேரம் விளிம்பு எங்கே சுருள்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுப் போனால் எல்லாம் பாழ். அது உண்மைதான்.

ஆனால் அது மட்டுமே உண்மை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. தன்னைக் கூப்பிடாத ஒரு கூடத்துக்குள் எப்படிப் போய் நிற்பது? எந்த நாற்காலியில் உட்காருவது? யூசுப் அலியை எழுந்திருக்கச் சொல்வதா? நினைத்துப் பார்க்கவே கால் வரவில்லை. பசை ஒரு நல்ல சாக்காக எதிரில் கிடந்தது.

"புடிங்க பச்சைமுத்து" என்றார். "பாதியில விட முடியாது."

கடைசி அடி முடிந்தபோது மூன்றரை. மூட்டைகளை வரிசையாக ஏற்றினார்கள். ஜகபர் வரிசையின் ஒரு முனையில் தரையிலேயே உட்கார்ந்தார். பெரிய பச்சை மைதானம். வெயில் இல்லை, காற்றும் இல்லை. எங்கோ ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. மூடாமல் வைத்திருந்த டிபன் பாக்ஸில் தயிர்சாதம் புளித்துக்கொண்டிருந்தது. ஸாலிஹா பிறந்தபோது அவர் கத்தாரில். அவள் நடந்தபோதும், பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் கத்தாரில். அப்போதெல்லாம் நடுவில் கடல் இருந்தது. இன்று முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"பாய்." பச்சைமுத்துதான். "எந்த எடம் சுருளும்னு சொல்லுங்க. நான் பார்த்துக்கினு இருக்கேன். நீங்க போங்க."

"உங்களுக்குப் பழக்கம் இல்லியே."

"ராவெல்லாம் சும்மா முழிச்சிருக்கிற ஆளு நான். இதைப் பார்க்கறதுக்கு இன்னா?"

ஜகபர் எழுந்தார். எந்த விளிம்பை அழுத்த வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நாலு பத்துக்கு வண்டியை எடுத்தார்.

*

கிளியனூரில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்காமல் வந்தார். தெரு முனையில் திரும்பும்போது ஒரு வெள்ளைக் கார் எதிரே வந்தது. தெரு குறுகல். ஜகபர் வண்டியைச் சுவரோரமாக இழுத்து வழிவிட்டார்.

காரின் முன்சீட்டில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வழிவிட்டதற்காக ஜகபரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். ஜகபரும் தலையசைத்தார். கார் போய்விட்டது.

அதுதான் சம்பந்தி வீட்டாரின் கார் என்பது அவர் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் ஏழெட்டுக் காலி டம்ளர்களைப் பார்த்த பிறகே அவருக்கு உறைத்தது.

"வாங்க மச்சான்!" யூசுப் அலி நாற்காலியிலிருந்து எழாமலே சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல எடம். பையன் குவைத்துல இருக்கான். எல்லாம் பேசி முடிச்சாச்சு. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

ஜகபரின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கைவிரல்களில் பசை கறுப்பாகக் காய்ந்திருந்தது. ஆசியா சமையலறை வாசலில் நின்றாள். அவர் அவளைத்தான் கேட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"காலையில எந்நேரம் வருவேன்னு கேட்டியே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

ஆசியா முந்தானையை விரலில் சுற்றினாள்.

"எனக்குக் கேட்டுச் செய்யத் தெரியலீங்க. இவளுக்கு டைபாயிடு வந்தப்ப யாரைக் கேட்டேன்? காலேஜுல சேர்க்கறப்ப யாரைக் கேட்டேன்? உங்களுக்குப் போன் போட்டா அங்க வேலை நேரம். நீங்க போன் போட்டா இங்க எல்லாம் முடிஞ்சிருக்கும். அழுது அழுது, அப்புறம் அழாம, நானே பண்ணிப் பழகிட்டேன். இப்ப திடீர்னு பக்கத்துல நிக்கிறீங்க. கேக்கணும்னு தோணுது. வாய் வரல."

ஜகபர் காய்ந்த பசையை விரலிலிருந்து உரித்தார். அந்த வீட்டில் தான் மட்டும்தான் தனியாக இருப்பதாக மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். அவள் இருபத்திரண்டு வருடமாக அப்படி இருந்திருக்கிறாள்.

"அத்தா." உள்ளறையிலிருந்து ஸாலிஹா வந்தாள். பட்டுத் தாவணியை இன்னும் மாற்றவில்லை. துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். "என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்க கேக்கிறீங்களா?"

"ஏய், பெரியவங்க பேசுறப்ப…" என்று யூசுப் அலி தொடங்கினார்.

"சொல்லும்மா" என்றார் ஜகபர். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அவரைப் பத்தி ஒண்ணும் இல்லத்தா. போட்டோவுல நல்லாத்தான் இருக்காரு. ஆனா நிக்காஹ் முடிஞ்சு இருபதாவது நாள் குவைத்துக்குப் போயிடுவாராம். என்னைக் கூட்டிக்கினு போவாங்களா, இல்ல அவங்க அம்மாகூட விழுப்புரத்துல விட்டுட்டுப் போவாங்களான்னு யாரும் கேக்கவே இல்ல. மாமா பிரியாணி மெனு வரைக்கும் பேசுனாரு. இதைப் பேசல." அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "நான் அம்மா மாதிரி இருக்க மாட்டேன்த்தா. என்னால முடியாது."

ஆசியா சட்டென்று திரும்பிச் சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. எதுவும் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

ஜகபர் யூசுப் அலியிடம் கை நீட்டினார். "பையனோட அத்தா நம்பர் கொடுங்க மச்சான்."

"இப்பவா? கார் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது. இதெல்லாம் பெரிசு பண்ணாதீங்க. நான் பதமா பேசிக்கிறேன்."

"நம்பர் கொடுங்க."

அப்படி ஒரு குரல் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. யூசுப் அலி முகம் சுண்டி, போனைத் திறந்து நம்பரைக் காட்டினார். ஜகபர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜகபர் சாதிக். ஸாலிஹாவோட அத்தா பேசுறேன்."

"வ அலைக்கும் ஸலாம்." பெரியவரின் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. "அடடே, கத்தார்லேர்ந்தா பேசுறீங்க? நம்பரைப் பார்த்தா நம்ம ஊரு நம்பர் மாதிரி இருக்கே?"

"கத்தார்லேர்ந்தா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே ஜகபர் யூசுப் அலியைப் பார்த்தார். யூசுப் அலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தாரில் பெரிய வேலையில் இருக்கிற அத்தா. திண்டிவனத்தில் முட்டிபோட்டுப் புல் ஒட்டுகிற அத்தா இல்லை. எதைச் சொன்னால் இடம் கூடிவரும் என்று மச்சான் கணக்குப் போட்டிருக்கிறார். சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆசியா வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இது அவளுக்கும் தெரியாது என்று அவருக்குத் தெரிந்தது. அது ஒன்றுதான் அன்று அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

"இல்லீங்க" என்றார் போனில். "நான் கத்தாரை விட்டுட்டு வந்துட்டேன். இங்கதான் இருக்கேன். டர்ஃப் ரிப்பேர் வேலை பண்ணிக்கினு இருக்கேன். நீங்க போறப்ப தெரு முனையில வண்டியை ஒதுக்கி வழிவிட்டது நான்தான்."

காரின் வைப்பர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு விஷயம் நேர்ல பேசணுங்க. நாளைக்கு விழுப்புரம் வரலாமா?"

"வாங்க" என்றார் பெரியவர் கடைசியாக. குரலில் முதலில் இருந்த மகிழ்ச்சி இல்லை. கோபமும் இல்லை. "என் மகன் விஷயத்துலயும் உங்க மச்சான்கிட்ட நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு. ஒரு தகப்பன்கிட்டதான் சொல்ல முடியும். நீங்க மட்டும் தனியா வாங்க. வீட்டுல யாருக்கும் இப்ப சொல்லிக்க வேணாம்."

லைன் துண்டாகிவிட்டது. மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசியா கொஞ்சம் கிட்டே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எதையோ சொல்ல வந்து, நிறுத்தி, மறுபடியும் முயன்றாள்.

"நாளைக்கு" என்றாள். "நானும் உங்ககூட வரட்டுமா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி, வா என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை! போனைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். 'நீங்க மட்டும் தனியா வாங்க' என்ற பெரியவரின் குரல் காதிலேயே இருந்தது.

அவள் ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு கூடத்து டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.